சட்டைக்குள் ஒரு சீட்டு: தோட்டத்து டிஸ்பென்சரியில் வைரஸோடு பட்ட பாடு

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி, அதை ஒருநாளும் நேரில் பார்க்காத ஒருத்தி, கேட்க நேரமே இல்லாத ஆட்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் என் தொழில். இலங்கை மலையகத்தில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரியில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, தாதியும் இல்லை. வைத்திய உதவியாளர் என்று நியமனக் கடிதத்தில் போட்டிருக்கிறது. அதையெல்லாம் தோட்டத்தில் யார் வாசிக்கிறார்கள்? வெள்ளைக் கவுன் போட்டவள் எல்லாம் மிஸ்ஸி. நானும் மிஸ்ஸி.

காயத்துக்குக் கட்டுப் போடுவது, பிரஷர் பார்ப்பது, பிள்ளை நிறுப்பது எதுவும் கஷ்டமில்லை. காயம் கண்ணுக்குத் தெரியும், பிள்ளை நன்றாகவே காதுக்குக் கேட்கும். இந்த வைரஸ்தான் என் பிராணனை வாங்கியது. சுகாதார வேலையில் இருக்கிறவர்கள், விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள், வீட்டில் யாருக்காவது "கையக் கழுவு, கையக் கழுவு" என்று சொல்லித் தொண்டை கட்டிப்போனவர்கள் எல்லோரும் நம்ம கட்சி. உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

கலர் மாத்திரை

தோட்டத்து லொறி ஓட்டுகிற ராமையா அண்ணன் ஒரு திங்கட்கிழமை மூக்கைப் பிழிந்துகொண்டே வந்தார். காய்ச்சல் இல்லை, நெஞ்சில் சளி இல்லை, வெறும் தடிமன். "மிஸ்ஸி, போன வருஷம் கால்ல கட்டி வந்தப்ப செவப்பும் கருப்புமா ஒரு கலர் மாத்திர குடுத்தீங்களே, அதுல ஒரு பத்து குடுங்க. ரெண்டே நாள்ல கட்டி ஓடிப்போச்சு" என்றார். அது பக்டீரியாவுக்கு, இது வைரஸ் என்றேன். ரெண்டும் கிருமிதானே என்று கேட்டார். வெளியே வேறு யாரும் காத்திருக்கவில்லை. எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

"அண்ணே, பக்டீரியா தனிக் குடித்தனம். அதுக்குன்னு சுவர் இருக்கு, அடுப்பு இருக்கு, சட்டி பானை இருக்கு. அந்த மாத்திர போயி அதோட சுவர இடிக்கும், இல்லன்னா அடுப்ப அணைக்கும். வைரஸுக்கு அதெல்லாம் ஒன்னுமே கெடையாது. ஒரு சட்டை, சட்டைக்குள்ள ஒரு சீட்டு. 'என்னைய மாதிரியே இன்னும் செய்'னு அந்தச் சீட்டுல எழுதியிருக்கும். அவ்வளவுதான் அதோட ஆஸ்தி. நம்ம உடம்புல ஒரு செல்லுக்குள்ள நுழைஞ்சு, நம்ம அடுப்புல, நம்ம அரிசியில, தன்னையவே சமைச்சுக்கும். வீடு நெறைஞ்சதும் சுவர ஒடைச்சிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிரும். அதுக்கு இல்லாத அடுப்ப இந்த மாத்திர எப்படி அணைக்கும்?"

ராமையா அண்ணன் நெற்றியைச் சுருக்கி நன்றாக யோசித்தார். எனக்குச் சந்தோஷம், ஒரு ஆளுக்காவது விளங்கியதே என்று. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வெளங்குது மிஸ்ஸி, எங்க மச்சினன் மாதிரி. சரி, அவனுக்கு மருந்து இல்லன்னா போகட்டும், எனக்கு அந்தக் கலர் மாத்திரையக் குடுங்க."

ரம்புட்டான் பாடம்

கொரோனா வந்த வருஷம். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், பத்து நிமிஷம் நான் பேசிக்கொள்ளலாம் என்று தோட்டத்து மேனேஜர், எங்களுக்கு அவர் துரை, அனுமதி கொடுத்தார். மேலிடத்திலிருந்து வந்த போஸ்டரில் முள்ளு முள்ளாக ஒரு பந்து படம். அதைப் பார்த்து, "வெசாக்குக்குக் கட்டுற வெளக்குக் கூடா மிஸ்ஸி?" என்று கேட்டார்கள். இது சரிவராது என்று தலவாக்கலை பஜாருக்குப் போய் ஒரு பை ரம்புட்டான் வாங்கி வந்தேன்.

மறுநாள் ஒரு பழத்தைத் தூக்கிப் பிடித்தேன். "இந்த மயிர் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, இதுதான் வைரஸோட முள்ளு. நம்ம மூக்குல, தொண்டையில இருக்கிற செல்லுல ஒரு பூட்டு இருக்கு. இந்த முள்ளு அதுக்குச் சாவி. பொருந்தினாத்தான் உள்ள போகும். இந்தத் தோலு அதோட கொழுப்புச் சட்டை. உள்ள இருக்கிற கொட்டையிலதான் சீட்டு. சரி, எண்ணெய்ச் சட்டிய எதப் போட்டுக் கழுவுவீங்க?" களமே ஒரே குரலில் "சவுக்காரம்!" என்றது. "அதேதான். சவுக்காரம் பட்டா இந்தக் கொழுப்புச் சட்டை கரைஞ்சு கிழிஞ்சிரும். சட்டை கிழிஞ்சா கொட்ட அனாத. அதால ஒன்னும் பண்ண முடியாது." கைதட்டினார்கள். என் வாழ்க்கையிலேயே நான் நடத்திய சிறந்த பாடம் அது. மிச்சப் பழத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், ஒருத்தரும் கை நீட்டவில்லை. கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து நானே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பஜாரில் அந்த ரம்புட்டான்காரர் பியசேன என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து பழம் கொண்டுவந்து விற்கிறவர், தமிழ் நன்றாகவே பேசுவார். என் தோட்டத்து ஆட்கள் அவருடைய கூடையைக் கண்டால் மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டு ரோட்டின் அந்தப் பக்கம் போகிறார்களாம். ஒரே ஒரு அம்மா மட்டும் வாங்கினாராம். வாங்கிவிட்டு, கழுவுவதற்குச் சவர்க்காரம் இருக்கிறதா என்று கேட்டாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பரவாயில்ல மிஸ்ஸி, அடுத்த தடவ மங்குஸ்தான் வச்சு பாடம் நடத்துங்க, அது நான் விக்கிறது இல்ல."

விட்டுப்போன 'பது'

ஒரு தொண்டு நிறுவனம் பெரியவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட வந்தது. எங்கள் தோட்டத்தில் மூன்று டிவிஷன். "அறுபது வயதுக்கு மேற்பட்ட அனைவரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வரவும்" என்று அழகாக ஒரு அறிவித்தல் எழுதி முதல் டிவிஷனில் ஒட்டினேன். ஆபீஸ் போட்டோகொப்பி மெஷின் அன்றைக்கு மூச்சு விடவில்லை. அதனால் கிளாக்கர் ஜெகநாதன் கையாலேயே ஒரு பிரதி எழுதி இரண்டாவது டிவிஷனுக்கு அனுப்பினார். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதி மூன்றாவது டிவிஷனில் ஒட்டினார்.

சனிக்கிழமை காலை மூன்றாவது டிவிஷனிலிருந்து பள்ளிக்கூடமே வந்து நின்றது. அதிபர் முன்னால், பிள்ளைகள் பின்னால், வரிசையாக, பாதிப் பேர் அழுதுகொண்டு. ஒரு கிழவர்கூட வரவில்லை. ஒட்டியிருந்த அறிவித்தல்களைப் போய்ப் பார்த்தேன். ஜெகநாதன் எழுதும்போது வரி முடிகிற இடத்தில் 'பது' விட்டுப்போய் 'அறு வயதுக்கு மேற்பட்ட' என்று ஆகியிருந்தது. மூன்றாவது ஆள் அதைப் பார்த்து, "பிழையா எழுதியிருக்கே" என்று 'ஆறு வயதுக்கு மேற்பட்ட' என்று திருத்திவிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஊசி என்று நினைத்துப் பெரியவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஊசி இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று நான் சொன்னதும் அந்தப் பிள்ளைகள் போட்ட சத்தம் இருக்கிறதே, கிரிக்கெட்டில் ஜெயித்தால்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். பிறகு லொறி எடுத்துக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்ப் பெரியவர்களை ஏற்றி வந்தோம்.

சாயங்காலம் ஜெகநாதனிடம் சொன்னேன், ஃப்ளூ வைரஸும் இப்படித்தான் என்று. தன் சீட்டைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எழுதும். எழுதியதைச் சரிபார்க்க ஆள் கிடையாது. பிழையான பிரதிகள் முக்கால்வாசி குப்பைக்குத்தான் போகும். ஒன்றிரண்டு மட்டும் புது முகத்தோடு வெளியே வரும். போன வருஷத்து முகத்தை ஞாபகம் வைத்திருக்கிற நம்ம உடம்புக்கு அதை அடையாளம் தெரியாது. அதனால்தான் வருஷா வருஷம் புது ஊசி. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு மிகவும் மனவருத்தத்தோடு சொன்னார்: "ஒரு 'பது'தானே மிஸ்ஸி விட்டுப்போச்சு, அதுக்குப் போயி என்னைய வைரஸுங்கிறீங்களே."

உயிர் இருக்கா, இல்லையா?

மேல் லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் அம்மை போட்டிருந்தது. "அம்மா வந்திருக்கு மிஸ்ஸி, மருந்து மாயம் கூடாது" என்று கதவை மூடிவிட்டார்கள். நான் சண்டைக்குப் போகவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி வேலுச்சாமி ஐயாவிடம் போனேன். "நீங்க வேப்பிலையக் கட்டுங்க ஐயா, நான் அரிப்புக்கு லோஷன் பூசிக்கிறேன். தண்ணி ஊத்துற வரைக்கும் புள்ளைங்க வெளிய வரக்கூடாது, வெளியாளு உள்ள போகக்கூடாது. இதுல நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்தானே?" என்றேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. அவரே என்னோடு வந்து கதவைத் தட்டினார். கடைசிக் கொப்புளம் காய்ந்து உதிரும்வரை ஒருவரும் வாசல் தாண்டவில்லை. மற்ற வீடுகளில் ஒரு பிள்ளைக்கும் தொற்றவில்லை.

அன்று கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வரும்போது பூசாரி கேட்டார், "இந்த வைரஸுக்கு உயிர் இருக்கா, இல்லையா?" படித்தவர்களே அடித்துக்கொள்கிற கேள்வி. வெளியே கிடக்கும்போது அது தின்னாது, மூச்சு விடாது, வளராது, தூசி மாதிரிதான் கிடக்கும். ஒரு செல்லுக்குள்ளே போய்விட்டால் உடனே வேலையை ஆரம்பித்துவிடும், அதனால் உயிர் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றேன். பூசாரி நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம கோயில் கமிட்டித் தலைவரும் அப்படித்தான் மிஸ்ஸி, மைக் கையில கெடைக்கிற வரைக்கும் செத்த மாதிரிதான் கெடப்பாரு."

நாற்பது வருஷத்துக் குடித்தனம்

வேலையிலிருந்து ஓய்வு எடுத்த கருப்பையாவை அவருடைய மனைவி வள்ளியம்மா கையைப் பிடித்து இழுத்து வந்தார். வலது விலாவில் பெல்ட் கட்டியது மாதிரி கொப்புளங்கள், அதற்கு மேல் செங்காவி. அக்கி. நல்லவேளை, முதல் நாளே வந்துவிட்டார்கள். சின்ன வயதில் அம்மை போட்டிருக்குமே என்று கேட்டேன். போட்டது என்றார். அந்த வைரஸ் அப்போது முழுசாகப் போகவில்லை, முதுகெலும்புப் பக்கத்தில் ஒரு நரம்பின் அடியில் போய்ப் பதுங்கி, சீட்டை மடித்து வைத்துக்கொண்டு பிரதி எழுதாமல் சும்மா இருந்தது, வயசு போய் உடம்பில் காவல் தளர்ந்ததும் அதே நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்கி வந்திருக்கிறது என்று விளக்கினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதி வாங்க வேண்டிய மாத்திரை எப்படி வேலை செய்யும் என்றும் சொன்னேன். வைரஸ் தன் சீட்டை ஒவ்வொரு எழுத்தாகக் கோத்துத்தான் பிரதி எடுக்கும். இந்த மாத்திரை ஒரு பொய் எழுத்து. தெரியாமல் அதைக் கோத்துவிட்டால் அடுத்த எழுத்து ஒட்டாது, சீட்டு பாதியில் நின்றுபோகும். கருப்பையா தலையாட்டினார். வள்ளியம்மாவின் முகம்தான் சிவந்துகொண்டே வந்தது. "கேட்டீங்களா மிஸ்ஸி, நாப்பது வருஷம் இந்த மனுசனோட குடும்பம் நடத்தியிருக்கேன், உள்ள இன்னொன்னு குடியிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லல!"

நாய்க்குட்டி

எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதில் செல்வமணியை முந்த ஆள் கிடையாது. முப்பத்துநாலு வயது, பேச்சும் கை மாதிரியே வேகம். ஒரு புதன்கிழமை மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்தவள் காலைக் கொஞ்சம் சாய்த்து நடந்தாள். என்ன என்று கேட்டேன். "ஒன்னுமில்ல மிஸ்ஸி, ஞாயித்துக்கெழம ஸ்டோர்ப் பக்கம் ஒரு நாய்க்குட்டி சும்மா பல்லு போட்டிருச்சு. கோப்பித்தூள் வச்சிட்டேன்." குட்டி எங்கே என்றேன். "அது செத்துப்போச்சு. பாவம், வாயில நொர தள்ளிக்கிட்டு, கண்டதெல்லாம் கடிச்சிக்கிட்டு கெடந்துச்சு. நேத்து ஸ்டோருக்குப் பின்னால பொதைச்சிட்டாங்க."

பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு விசர்நாய்க்கடி நோயாளியைப் பார்த்திருக்கிறேன். தாகம் தாகம் என்பார், தண்ணீர்க் கோப்பையைக் கண்டதும் தொண்டை இறுகி உதறுவார். அவரை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. அதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம்.

குழாயடியில் உட்காரவைத்து, மணிக்கூட்டைப் பார்த்துக் கால் மணித்தியாலம் சவர்க்காரம் போட்டுக் காயத்தைக் கழுவினேன். செல்வமணிக்குச் சிரிப்பு. "நடடி ஆஸ்பத்திரிக்கு" என்றதும் சிரிப்பு நின்றது. வெள்ளிக்கிழமை திருவிழா, பால்குடம் எடுக்க நேர்ந்து விரதம் இருக்கிறாளாம், ஊசி போடக்கூடாதாம். "வலிக்கல, காய்ச்சல் இல்ல, மூணு நாளா நல்லாத்தானே இருக்கேன்?" என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டாள். நான் டிஸ்பென்சரியைப் பூட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே லயத்துக்குப் போனேன்.

அவள் புருஷன் சேகர் அப்போதுதான் ஸ்டோர் என்கிற தேயிலை ஃபாக்டரியில் வேலை முடிந்து வந்திருந்தான். இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்தேன். "மத்த வைரஸ் பெரும்பாலும் ரத்தத்துல பஸ் ஏறிப் போகும். இது நரம்பப் புடிச்சுக்கிட்டு நடந்துதான் போகும். கால்லயிருந்து மூளைக்குப் போற வரைக்கும் ஒரு அடையாளமும் காட்டாது. அதனாலதான் நீ நல்லா இருக்கே. போய்ச் சேந்துட்டா எந்த டாக்டராலயும் ஒன்னும் செய்ய முடியாது. அது மெதுவா நடக்குறதுதான் நமக்கு இருக்கிற ஒரே அதிர்ஷ்டம். இன்னைக்கே ஊசி போட்டா நாம முந்திக்கலாம்." செல்வமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேகர், "வேண்டுதல் மிஸ்ஸி..." என்று இழுத்தான். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அம்மனுக்கு வருஷா வருஷம் பால்கொடம் எடுக்கலாம்டா. எடுக்குறதுக்கு இவ இருக்கணும்ல?" சேகர் எழும்பி உள்ளே போய் அவளுடைய சுவெட்டரையும் குடையையும் எடுத்துவந்து நீட்டினான்.

ஓட்டோவில் புறப்பட்டோம். நல்ல மழை. பாதி வழியில் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி சேற்றில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். கையில் தடுப்பூசி, காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்து. அந்த இரண்டாவது ஊசிக்கு அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் இரண்டு வளையல் உடைந்தது. ஊசி போட்ட இளம் லேடி டாக்டர் நோனாவிடம் பால்குடத்தைப் பற்றிச் சிங்களத்தில் கேட்டேன். தாராளமாக எடுக்கட்டும், காயத்தில் சேறு படாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வெள்ளிக்கிழமை செல்வமணி காலில் கட்டோடு பால்குடம் எடுத்தாள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குட்டியைத் தோண்டி எடுத்து, தலையைக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். விசர் இருந்தது என்று பதில் வந்தது. குட்டியைத் தூக்கிய, புதைத்த மூன்று பேரையும் தேடிப் பிடித்து ஊசி போட வைத்தோம். செல்வமணி ஒரு ஊசிகூட விடாமல் போட்டு முடித்தாள். அவள் பயத்தை விட்டுவிட்டாள். நான்தான் விடவில்லை. இது நடந்து இரண்டு வருஷமாகிறது. போன மாசம் டிஸ்பென்சரிக்கு வந்தவள், நான் நீட்டிய கோப்பையை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, என் முகத்தையே பார்த்தாள். பிறகு கோப்பையை மேசையில் டக்கென்று வைத்துச் சொன்னாள்: "ரெண்டு வருஷமா நான் எப்ப வந்தாலும் மொதல்ல தண்ணியக் குடுத்துக் குடிக்கிறேனான்னு பாக்குறீங்க, இன்னைக்காவது ஒரு தேத்தண்ணி போடுங்க மிஸ்ஸி."

ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைவதற்கு எடுக்கிற நேரத்தைவிட, அதைப் பற்றிய ஒரு வார்த்தை மனுஷ மண்டைக்குள் நுழைவதற்கு எடுக்கிற நேரம் எப்போதும் கொஞ்சம் கூடத்தான், இதில் என் மண்டையும் சேர்த்தி.